பெயர்ப் பட்டியலில் மறைந்திருக்கும் வரலாறு: ஆதித் திருச்சபையின் துணைப் பணியாளர்கள்

பவுல் எழுதிய கடிதங்களுள் மிக நீளமானது ரோமருக்கு எழுதிய கடிதமாகும். ஏறத்தாழ கி.பி. 57ஆம் ஆண்டளவில், கிரேக்க நாட்டின் கொரிந்து நகரிலிருந்து எழுதப்பட்ட இக்கடிதம் சுமார் 7,000 கிரேக்கச் சொற்களைக் கொண்டது. கிறிஸ்தவ இறையியலின் போக்கையே பலமுறை மாற்றிய நூல் அது. அகுஸ்தீன் முதல் மார்ட்டின் லூதர் வரை பலருடைய சிந்தனைக்கு ஊற்றாக இருந்ததும் அதுவே. ஆயினும் அதன் கடைசி அத்தியாயத்துக்கு வரும்போது வாசகர் பலரும் விரைந்து கடந்து விடுகின்றனர். காரணம், அங்கே தத்துவமோ போதனையோ அதிகம் இல்லை. இன்னாரை வாழ்த்துங்கள், இன்னாரை வாழ்த்துங்கள் என்று வரிசையாக நீளும் பெயர்களே இருக்கின்றன.

எண்ணிப் பார்த்தால், வாழ்த்துப் பெறுவோரில் 24 பேர் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றனர். ரூபு என்பவரின் தாய், நேரே என்பவரின் சகோதரி ஆகிய இருவர் உறவுமுறையால் மட்டும் சுட்டப்படுகின்றனர். இவர்களுள் பெரும்பாலோரைப் பற்றி வேறெங்கும் ஒரு வரியும் இல்லை. என்றாலும், கலிலேயாவில் தோன்றிய ஒரு சிறு இயக்கம் முந்நூறு ஆண்டுகளுக்குள் ரோமப் பேரரசெங்கும் பரவியது எவ்வாறு என்ற கேள்விக்கு விடை தேடுவோர், போதனை நிறைந்த முந்திய அத்தியாயங்களைக் காட்டிலும் இந்தப் பெயர்ப் பட்டியலிலேயே அதிகம் கண்டெடுக்கலாம் என்பது என் எண்ணம்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கட்டுரை எழுதியவரின் பெயர் அச்சாகும். அதை அச்சுக்கோத்தவர், ஒப்புநோக்கியவர், பின்னிரவில் பத்திரிகைக் கட்டுகளை வாகனத்தில் ஏற்றியவர் ஆகியோரின் பெயர்கள் அச்சாவதில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் ஒரு வரியும் வாசகரிடம் போய்ச் சேராது.

எழுதியவரும் சுமந்தவரும்

அந்தக் கடைசி அத்தியாயத்தின் நடுவே திடீரென ஒரு புதிய குரல் கேட்கிறது. இக்கடிதத்தைக் கைப்பட எழுதியவன் நானே என்று தெர்தியு என்றொருவர் தம் வாழ்த்தையும் சேர்த்துக்கொள்கிறார். பவுல் சொல்லச் சொல்ல, பப்பிரசுத் தாளில் நாணற் பேனாவால் எழுதியவர் அவர். ஒரே அமர்வில் முடியக்கூடிய வேலையன்று அது. நாட்கணக்கில் நீண்டிருக்கும். அவரைப் பற்றி நாம் அறிந்தது அந்த ஒரு வரி மட்டுமே.

எழுதிய கடிதத்தைக் கொண்டு செல்வது அடுத்த சிக்கல். ரோமப் பேரரசில் அகுஸ்துஸ் சக்கரவர்த்தி ஏற்படுத்திய அஞ்சல் ஒழுங்கு இருந்தது உண்மையே. ஆனால் அது அரச அலுவல்களுக்கு மட்டுமே உரியது. பொதுமக்கள் தங்கள் கடிதங்களை அடிமைகளிடமோ, பயணம் போகும் வணிகரிடமோ, நம்பிக்கைக்குரிய நண்பரிடமோ கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. ஆள் இல்லையேல் கடிதம் இல்லை. பவுலின் கடிதங்களோடு தீகிக்கு, எப்பாப்பிரோதீத்து முதலிய பெயர்கள் இணைந்திருப்பது இதனாலேயே. அவர்கள் வெறும் தபாற்காரர் அல்லர். அனுப்பியவரின் நிலையை வாய்மொழியாக எடுத்துரைப்பதும், பெற்றவர்களின் மறுமொழியைத் திரும்பக் கொண்டு வருவதும் அவர்களுடைய பொறுப்பாக இருந்தன. பிலிப்பி நகரத்தாரின் உதவியைச் சிறையிலிருந்த பவுலிடம் எடுத்துச் சென்ற எப்பாப்பிரோதீத்து, வழியிலோ சென்ற இடத்திலோ நோயுற்றுச் சாவின் விளிம்புக்கே போய் மீண்டார் என்று பவுலே எழுதுகிறார்.

ரோமருக்கான கடிதத்தைக் கொண்டு சென்றவர் பெபேயாள் என்ற பெண்மணி என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிபு. கொரிந்துவின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவைச் சேர்ந்தவர் அவர். அவரை அறிமுகப்படுத்தும்போது பவுல் இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறார். ஒன்று, தியாக்கொனொஸ்: ஊழியர், பணிவிடை செய்பவர். மற்றது, பிரொஸ்தாத்திஸ்: ஆதரவளிக்கும் புரவலர். முன்னைய சொல்லிலிருந்தே பிற்காலத்தில் 'தியாக்கோன்' என்ற திருச்சபைப் பதவி பிறந்தது. பேரரசின் தலைநகரை அடைந்த அந்த நீண்ட கடிதத்தை அங்கிருந்தோர் முதலில் பெற்றதும், அதன் விளக்கத்தைக் கேட்டிருக்கக்கூடியதும் இப்பெண்மணியிடமிருந்துதான்.

பந்தியில் எழுந்த பிணக்கு

துணைப் பணி என்ற ஏற்பாட்டின் தொடக்கத்தை அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. எருசலேமில் விதவைகளுக்கு அன்றாடம் உணவு பகிரப்பட்டு வந்தது. அதில் கிரேக்க மொழி பேசிய யூத விதவைகள் புறக்கணிக்கப்படுவதாக முறைப்பாடு எழுந்தது. மொழியால் வேறுபட்ட சிறுபான்மை, பங்கீட்டில் தனக்கு அநீதி நேர்வதாகச் சொல்கிறது. அப்போஸ்தலர் பன்னிருவரும் சபையைக் கூட்டினர். எழுவரைத் தெரிவு செய்து அப்பொறுப்பை ஒப்படைக்கும்படி கேட்டனர். தெரிவான ஏழு பேர்களும் கிரேக்கப் பெயர்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. முறையிட்ட தரப்பினரிடமே பங்கீட்டுப் பொறுப்பு கையளிக்கப்பட்டது என்று கொள்ள இதில் இடமுண்டு. மொழிப் பிணக்கை உரிய காலத்தில் தீர்க்காத நாடுகள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் நாம். இந்த இடத்தைச் சற்று நிதானித்து வாசிப்பது நல்லது.

போதிப்பது பன்னிருவரின் வேலை, பந்தி விசாரிப்பது எழுவரின் வேலை என்பதே ஏற்பாடு. ஆனால் அதே நூல் அடுத்துச் சொல்லும் செய்தி வியப்பானது. பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்ட ஸ்தேவான், தம் பேச்சுக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்டு முதல் இரத்தசாட்சியாகிறார். அதையடுத்த துன்புறுத்தலில் சிதறியவர்களுள் ஒருவரான பிலிப்பு சமாரியாவுக்குச் செல்கிறார். எத்தியோப்பிய அரசியின் கருவூல அதிகாரிக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறார். எருசலேமுக்கு வெளியே முதல் வாசல்களைத் திறந்தவர்கள் பந்தி விசாரித்தவர்களே.

சிதறியவர்களுள் சீப்புரு தீவையும் சிரேனே பட்டணத்தையும் சேர்ந்த சிலர் அந்தியோகியாவுக்குப் போய், யூதரல்லாத கிரேக்கரிடமும் பேசினர். 'கிறிஸ்தவர்' என்ற பெயர் முதன்முதலாக வழங்கியது அந்நகரில்தான். பவுலும் பர்னபாவும் தம் பயணங்களைத் தொடங்கியதும் அங்கிருந்தே. அத்தகைய சபைக்கு வித்திட்டவர்களின் பெயர்களை நூலாசிரியர் குறிப்பிடவில்லை. சிலர் என்கிறார், அவ்வளவே. பவுல் ரோம் நகரில் கால் வைப்பதற்கு முன்பே அங்கு ஒரு சபை இருந்தது. அதைத் தொடங்கியவர்களின் பெயரும் எங்கும் பதிவாகவில்லை.

வீடும் தொழிற்கூடமும்

முதல் மூன்று நூற்றாண்டுகளில் பெரும்பாலும் வீடுகளே ஆலயங்கள். வீட்டைத் திறந்து விட்டவர் யார் என்பது அங்கு முக்கியமான கேள்வி. பிலிப்பி நகரில் அவ்வாறு திறந்தவர் லீதியாள். தியத்தீரா ஊரைச் சேர்ந்த இவர் இரத்தாம்பரத் துணி விற்ற வணிகப் பெண்.

இவர்களையெல்லாம் விடத் தெளிவான எடுத்துக்காட்டு ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியினர். கூடாரம் செய்வது இவர்கள் தொழில். கிளவுதியு சக்கரவர்த்தி ரோம் நகர யூதரை வெளியேற்றியபோது, ஏறத்தாழ கி.பி. 49இல், இவர்களும் வெளியேறிக் கொரிந்துவுக்கு வந்தனர். இன்றைய மொழியில் கூறினால் இடம்பெயர்ந்தவர்கள். அதே தொழிலைச் செய்த பவுல் அங்கே இவர்களோடு தங்கி வேலை செய்தார். பின்னர் இவர்கள் எபேசுவுக்குச் சென்றனர். அங்கும் இவர்கள் வீட்டில் சபை கூடியது. நாவன்மை மிக்க அப்பொல்லோ என்ற பேச்சாளரை அழைத்து, அவர் அறியாதவற்றை எடுத்துச் சொன்னவர்களும் இவர்களே. ரோமருக்கான கடிதம் எழுதப்பட்டபோது மீண்டும் ரோமில் இருக்கின்றனர். அங்கும் இவர்கள் வீட்டில் சபை. மூன்று பெருநகரங்களிலும் இத்தம்பதியினர் மேடையேறிப் பிரசங்கம் செய்ததாகச் செய்தி இல்லை. தங்கள் தொழிலையும் வீட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பல இடங்களில் கணவரின் பெயருக்கு முன்னால் மனைவியின் பெயர் வருவதும் அக்கால வழக்குக்கு மாறானது, கவனிக்கத்தக்கது.

அத்தகைய ஒரு வீட்டை நாம் இன்றும் அறிய முடிகிறது. சிரியாவில் யூப்ரட்டீஸ் நதிக்கரையிலுள்ள துரா ஏயூரோப்பொஸ் என்ற எல்லைப்புற நகரில், 1930களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் அது வெளிப்பட்டது. மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த சாதாரண வீடு. இரு அறைகளுக்கிடையே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருந்தனர். சுமார் 70 பேர் அமரலாம். இன்னோர் அறையில் திருமுழுக்குத் தொட்டி.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரொட்னி ஸ்டார்க் 1996இல் வெளியிட்ட தமது நூலில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். கி.பி. 40இல் கிறிஸ்தவர் 1,000 பேர் என்று வைத்துக்கொண்டு, பத்தாண்டுக்கு 40 வீத வளர்ச்சி என்று கொண்டால், கி.பி. 300இல் 60 இலட்சத்தைத் தாண்டும் என்றார். இது மதிப்பீடு, சான்றாகக் கொள்ளத்தக்க கணக்கெடுப்பு அன்று. எனினும் அதன் பொருள் சிந்திக்கத்தக்கது. பத்தாண்டுக்கு 40 வீதம் என்றால் ஆண்டுக்கு மூன்றரை வீதத்துக்கும் குறைவே. நூறு பேர் கொண்ட சபையில் ஓராண்டில் மூவரோ நால்வரோ புதிதாகச் சேர்ந்தால் போதுமானது. அதற்குப் பெருங்கூட்டங்களும் தேவையில்லை, பேச்சாளர்களும் தேவையில்லை. அயல்வீடும், தொழிற்கூடமும், உறவினர் வட்டமும் போதும்.

ரோமில் 1,500 பேருக்கு உணவு

கி.பி. 251இல் ரோம் ஆயர் கொர்னேலியுஸ் அந்தியோகியா ஆயருக்கு எழுதிய கடிதமொன்றை, நான்காம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பாதுகாத்துத் தந்துள்ளார். அதில் ரோமச் சபையின் பணியாளர் கணக்கு இருக்கிறது. குருமார் 46 பேர். தியாக்கோன்கள் 7 பேர். துணைத் தியாக்கோன்கள் 7 பேர். பீட உதவியாளர் 42 பேர். பேயோட்டுவோர், வாசகர், வாயிற்காவலர் ஆகியோர் சேர்த்து 52 பேர். இவர்களோடு, சபையின் பராமரிப்பில் வாழ்ந்த விதவைகளும் வறியோரும் 1,500க்கு மேற்பட்டோர்.

ஆயரும் குருமாரும் சேர்ந்து 47 பேர். அவர்களுக்குக் கீழே 108 பேர். ரோம் போன்ற மாநகரத்தில் நாள்தோறும் 1,500 பேருக்கு மேல் உணவும் உதவியும் கிடைக்கச் செய்ய வேண்டுமானால், பட்டியல் தயாரிக்க வேண்டும். வீடு வீடாகச் செல்ல வேண்டும். பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். அது நடந்த காலமும் சாதாரணமானதன்று. அப்போது பேரரசெங்கும் கொள்ளைநோய் பரவியிருந்தது. அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியுஸ், நோயாளரைப் பராமரிக்கப் போய்த் தாமும் நோயுற்று மாண்ட குருமாரையும் தியாக்கோன்களையும் பொதுமக்களையும் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய மருந்தொன்றும் அவர்களிடம் இருக்கவில்லை. தண்ணீர், உணவு, அருகில் ஓர் ஆள். இவையே ஒருவரைப் பிழைக்க வைத்திருக்கக்கூடும். பிழைத்தவர் தம்மைக் கைவிடாதவர்களை மறந்திருக்க மாட்டார்.

எதிரிகள் கண்டுகொண்டது

இத்துணைப் பணியாளரின் முக்கியத்துவத்தை முதலில் தெளிவாக இனங்கண்டவர்கள் யார் என்று பார்த்தால், திருச்சபைக்கு வெளியே இருந்தவர்கள் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏறத்தாழ கி.பி. 112இல், இன்றைய துருக்கியின் வடபகுதியிலிருந்த பித்தினியா, பொந்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, சக்கரவர்த்தி திராஜனுக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. இந்தப் புதிய மதத்தின் உண்மையை அறிய அவர் யாரை விசாரித்தார்? இரண்டு அடிமைப் பெண்களை. அவர்களைச் சபையார் ஊழியக்காரிகள் என்ற பொருள்படும் இலத்தீன் பதவிப் பெயரால் அழைத்தனர் என்று அவரே எழுதுகிறார். சித்திரவதை செய்து கேட்டும் மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றையும் காண முடியவில்லை என்பது அவருடைய அறிக்கை. அப்பெண்களின் பெயர்களை அவர் எழுதவில்லை. இரகசியம் யாரிடம் இருக்கும் என்பது மட்டும் அந்த நிருவாகிக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க அங்கத எழுத்தாளர் லூசியன், சிறைப்பட்ட ஒரு போலித் துறவியைப் பற்றிக் கேலியாக எழுதும்போது, பொழுது விடியும் முன்பே முதிய விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் சிறைவாசலில் காத்திருந்ததை வருணிக்கிறார். கேலிதான். ஆனால் அதனூடாக ஒரு காட்சி நமக்குக் கிடைத்து விடுகிறது.

இவை அனைத்திலும் நுணுக்கமான சான்று வட ஆபிரிக்காவிலிருந்து கிடைக்கிறது. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கொன்ஸ்தந்தீன் நகரின் பழைய பெயர் சீர்த்தா. சக்கரவர்த்தி தியோக்கிளேசியனின் ஆணைப்படி, 303 மே 19ஆம் திகதி, நகர அதிகாரி முனாத்தியுஸ் பேலிக்ஸ் கிறிஸ்தவர் கூடிய வீட்டைச் சோதனையிட்டார். நடந்ததைச் சுருக்கெழுத்தாளர் பதிவு செய்தனர். அப்பதிவு 320இல் நடந்த ஒரு விசாரணையில் வாசிக்கப்பட்டதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. கைப்பற்றப்பட்ட பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். பொற்கிண்ணங்கள் 2, வெள்ளிக் கிண்ணங்கள் 6, விளக்குகள். அவற்றோடு பெண்களுக்கான மேலங்கிகள் 82, ஆண்களுக்கானவை 16, ஆண்களின் காலணிகள் 13 சோடி, பெண்களின் காலணிகள் 47 சோடி. அரசு தேடி வந்தது வேதநூல்களை. கண்டெடுத்தவற்றுள் பெரும்பகுதி, ஏழைகளுக்கென்று சேர்த்து வைத்தவை என்று கொள்ளத்தக்க உடைகளும் காலணிகளும்.

நூல் அலுமாரிகள் வெறுமையாக இருந்தன. நூல்கள் வாசகர்களின் வீடுகளில் இருந்தன. அவர்களைக் காட்டிக் கொடுக்கும்படி கேட்டபோது, கத்துலீனுஸ், மர்க்குக்கிளியுஸ் என்ற இரு துணைத் தியாக்கோன்கள் மறுத்தனர். வேண்டுமானால் எங்களைக் கொல்லும்படி உத்தரவிடுங்கள் என்றனர். கைது செய்யப்பட்டனர். பின்னர் நகர அலுவலக எழுத்தர்கள் வழிகாட்ட, அதிகாரிகள் வீடு வீடாகச் சென்றனர். மொசைக் வேலை செய்யும் ஒருவரிடம் 5 நூல்கள், இன்னொருவரிடம் 8, இலக்கண ஆசிரியர் ஒருவரிடம் 2. கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில் ஒரு பெண் 6 நூல்களை எடுத்துக் கொடுத்தார். சமாதி தோண்டுவோரும் அப்பதிவில் பெயரோடு குறிப்பிடப்படுகின்றனர்.

எல்லோரும் உறுதியாக நின்றவர்கள் அல்லர். அதே நாளில் வெள்ளிப் பேழையையும் விளக்கையும் எடுத்துக் கொடுத்த துணைத் தியாக்கோன் சில்வானுஸ் பின்னாளில் அந்நகரின் ஆயரானார். 320ஆம் ஆண்டு விசாரணை அவருக்கு எதிரானதே. காட்டிக் கொடுக்க மறுத்த இருவரின் பிற்கால வாழ்வு பற்றி அப்பதிவில் ஒன்றுமில்லை.

இறுதிச் சான்று ஒரு சக்கரவர்த்தியினுடையது. பழைய கிரேக்க வழிபாட்டை மீட்க முயன்ற யூலியனின் பெயரில், கலாத்தியாவின் தலைமைப் பூசகருக்கு 362இல் எழுதப்பட்ட கடிதம் உள்ளது. அந்நியரை ஆதரிப்பதும், இறந்தோரை அக்கறையோடு அடக்கம் செய்வதுமே இம்மதத்தை வளர்த்தவற்றுள் முதன்மையானவை என்றும், அவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள், இது நமக்கு வெட்கம் என்றும் அக்கடிதம் குறைப்படுகிறது. நகர்தோறும் விடுதிகள் அமைக்கும்படியும் பணிக்கிறது. எதிரணியின் பலம் அதன் பேச்சாளரிடம் இல்லை என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அழிக்கப்பட்ட ஒரு பெயர்

திருச்சபை செல்வாக்குப் பெற்ற பின், துணைப் பணிகள் படிப்படியாக உயர்பதவிக்கான படிக்கட்டுகளாக மாறின. பெண்களின் இடம் சுருங்கியது. கி.பி. 441இல் பிரான்சின் ஒரேஞ்ச் நகரில் கூடிய ஆயர் மன்றம், இனிப் பெண் தியாக்கோன்களை ஏற்படுத்தக் கூடாதென்று விதித்தது.

ரோமருக்கான கடிதத்தின் பட்டியலில், அப்போஸ்தலர் நடுவில் பெயர் பெற்றவர்கள் என்று சொல்லப்படும் இருவருள் ஒருவர் யூனியா. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மாபெரும் போதகர் யோவான் கிறிசோஸ்தொம் அவரைப் பெண்ணாகவே கொண்டு புகழ்ந்தார். ஆனால் அப்போஸ்தலர் என்ற சொல்லருகே ஒரு பெண் நிற்பது பிற்காலத்தாருக்கு உறுத்தியது. அறிஞர் பரவலாகப் பயன்படுத்தும் கிரேக்கப் பதிப்பிலேயே 1927இல் அப்பெயர் ஆண்பெயராக அச்சாயிற்று. அத்தகைய ஆண்பெயர் பண்டைய ரோமக் கல்வெட்டு எதிலும் கண்டெடுக்கப்பட்டதில்லை. 1998இலேயே அது மீண்டும் பெண்பெயரானது. ஒரு அசைக்குறியை இடம் மாற்றி வைத்ததன் மூலம், வரலாற்றிலிருந்து ஒரு பெண்ணை எழுபது ஆண்டுகள் அகற்றி வைக்க முடிந்திருக்கிறது.

இலங்கையில் ஒரு தியாக்கோன்

எமது தீவுக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அலெக்சாந்திரிய வணிகரான கொஸ்மஸ் தமது நூலில் தப்ரபேன் என்னும் இலங்கையைப் பற்றி எழுதுகிறார். அங்கே குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவரின் சபை ஒன்று இருக்கிறது. பாரசீகத்தில் நியமனம் பெற்ற குரு ஒருவரும், ஒரு தியாக்கோனும் இருக்கின்றனர். தீவின் மக்களும் மன்னர்களும் வேறு சமயத்தவர் என்கிறார். 1912இல் அநுராதபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட, கல்லில் செதுக்கிய சிலுவையை ஆய்வாளர் பலர் இச்சமூகத்தோடு தொடர்புபடுத்துகின்றனர்.

கடல் கடந்து வந்த ஒரு சிறு வணிகர் கூட்டம், ஒரு குருவோடு நின்றுவிடாமல் ஒரு தியாக்கோனையும் தன்னோடு வைத்திருந்தது. எருசலேமின் பந்தியில் தொடங்கிய ஏற்பாடு, ஐந்நூறு ஆண்டுகளில் இந்து சமுத்திரத் துறைமுகம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. விதவைக்கு உணவு கொடுத்தவரும், பிணத்தை அடக்கியவரும், நூலைத் தம் வீட்டில் ஒளித்து வைத்தவரும் அந்த வழி நெடுகிலும் இருந்தார்கள். கொஸ்மஸும் தாம் குறிப்பிட்ட தியாக்கோனின் பெயரை எழுதி வைக்கவில்லை.